ஏழாவது கை

நயினாரின் இடுப்பு ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால், கை வைக்கிற அன்று, உலகம்மை விடியுமுன்பே எழுந்து பெரிய அண்டாவில் புளியோதரை கிளறினாள். நயினாருக்காக அல்ல. அவருக்கு அன்றைக்குச் சோதனைகள் முடிகிற வரைக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கை வைக்க வருகிறவர்களுக்காக. கை வைக்க வந்த மனிதர்களை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பினால் அந்தப் பேச்சு அடுத்த தலைமுறை வரைக்கும் நிற்கும்.

ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் கை வைப்புக் கூடம் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருந்தது. பட்டுச்சேலைகள், தூக்குச்சட்டிகள், வெற்றிலைத் தாம்பாளங்கள். "எங்க வீட்டுல ஏழும் தேறிட்டு, உங்க வீட்டுல?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே சக்கர நாற்காலிகளில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

நயினார் மாடியில் வெயில்தகடுகளைத் துடைக்கப் போய் வழுக்கி விழுந்தவர். இடுப்பு மூட்டு நொறுங்கிப்போய்விட்டது. உலோக மூட்டு வைத்தால் மூன்று மாதத்தில் நடக்கலாம் என்றார் டாக்டர். முந்தின தலைமுறையில் இதே அடி பட்டவர்கள் கட்டிலிலேயே கிடந்து செத்தார்கள். விழுங்குகிற மாத்திரைகளையும் ஊசி மருந்துகளையும் கிருமிகள் ஒவ்வொன்றாகத் தின்று செரித்துவிட்ட காலம் அது. கத்தியை வைத்தால் சீழ், சீழ் வைத்தால் சாவு என்று ஆகிப்போனதால் டாக்டர்கள் கத்தியையே கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம்தான் கரைமணி வந்தது. சவ்வரிசி அளவு உருண்டை. காயத்தைத் தைத்து மூடுமுன் உள்ளே ஒரு பிடி மணிகளைப் பரப்பிவிடுவார்கள். கிருமி வந்தால் மணி கரைந்து மருந்தைக் கொட்டும். வராவிட்டால் மூன்று மாதம் காவல் இருந்துவிட்டுத் தானாகக் கரைந்து உடம்போடு போய்விடும். வெளியே எடுப்பதற்கென்று மறுபடி கிழிக்க வேண்டியதில்லை. இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து என்ற காலம் மலையேறிவிட்டது. ஒவ்வொரு மனிதனின் கையிலும் ஒவ்வொரு கூட்டம் குடியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கென்றே தனியாகக் காய்ச்சினால்தான் அது சாகும். ஆகவே நோயாளியைத் தொட்டுத் தூக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே கிருமியைப் படி எடுக்கிற கைத்தட்டில் கை வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் அவரவர் கைக்கு ஏற்ற மணி தயாராகும். நோயாளியின் சொந்தக் கிருமிக்கும் டாக்டர்களின் கைகளுக்கும் வெள்ளை மணி. உறவுக்காரர்களுக்கு ஆளுக்கொரு நிறம். ஒரு காயத்துக்குள் ஏழு பேருக்குத்தான் இடம்.

கண்டுபிடித்தவர்கள் இதைச் சுகாதார ஏற்பாடு என்று நினைத்தார்கள். நம்முடைய சனங்கள் கையில் அது மரியாதையாக மாறுவதற்கு ஐந்தாறு வருஷமே போதுமானதாக இருந்தது. முதல் கை யாருக்கு, இரண்டாவது யாருக்கு, தாய்மாமனை விட்டுவிட்டுச் சம்பந்தியைக் கூப்பிட்டது எப்படி என்று சண்டைகள் வந்தன. பெண் பார்க்கப் போகிற இடத்தில், ஒரு ஆபத்து என்றால் உங்கள் வீட்டில் ஏழு கை தேறுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு கையோடு ஆப்பரேஷனுக்குப் போனவனைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது.

"முதல் கை யாரும்மா?" என்று கேட்டாள் பெனிட்டா. கை வைப்புக் கூடத்துப் பொறுப்பு அவளுடையது. தூத்துக்குடிப் பெண், சிரித்த முகம்.

உலகம்மை தெருச் சங்கத் தலைவரை முன்னால் வரச் சொன்னாள். அவர் அவர்கள் வீட்டுக்குள் இதுவரை காலடி எடுத்து வைத்ததில்லை. ஆனாலும் தலைவர் தலைவர்தானே. அடுத்து அவளுடைய அண்ணன். பிறகு நயினாரோடு வேலை பார்த்த நண்பர். பிறகு நயினாரின் தங்கை செண்பகமும் அவள் புருஷனும். ஆறாவதாக மகன் கதிரேசன். விருந்தாளிகள் முன்னால், வீட்டு ஆட்கள் பின்னால். பந்தியில் எப்படியோ அப்படித்தான் கைத்தட்டிலும். ஏழாவது கை உலகம்மையுடையது.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்த சமயத்தில் வாசலில் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாம என் தம்பிய அறுக்கப் போறாவளோ? ஊருல எவனோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமோ?"

நயினாரின் அண்ணன் ஆவுடையப்பன். பல வருஷங்களாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நயினார் புதுவீடு பால் காய்ச்சியபோது குடும்பத்தோடு நின்று படம் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் கை கழுவப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது. அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் அதற்குப்பின் வாசல்படி மிதிக்கவில்லை.

இப்போது வந்து நிற்கிறார். நயினார் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, வலியில் மறுபடி விழுந்தார்.

"அண்ணாச்சி" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஆவுடையப்பனும் அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இன்னும் ஒரு கைதான் பாக்கி" என்று பெனிட்டா மெதுவாக ஞாபகப்படுத்தினாள்.

கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வைத்த கையை எடுக்கச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் ஒரு மனிதனுக்குக் கிடையாது. தலைவரிடம் சொல்ல முடியுமா? உலகம்மையின் அண்ணனிடம் சொன்னால் பிறந்த வீட்டோடு உறவு அறுந்துபோகும். செண்பகத்தின் புருஷனிடம் வாய் திறக்கவே முடியாது, அவர் மாப்பிள்ளை.

நயினார் உலகம்மையைப் பார்த்தார். அவளுக்குப் பழக்கமான பார்வைதான் அது. பந்தியில் ஒரு இலை குறையும்போதும், வண்டியில் ஓர் ஆளுக்கு இடம் இல்லாதபோதும் அவர் இப்படித்தான் அவளைப் பார்ப்பார். அவளும் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

"எனக்கென்ன, நான் வீட்டு ஆளுதான?" என்று சிரித்தாள் உலகம்மை. "பெரியத்தான் வைக்கட்டும்."

பெனிட்டாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, நல்லா யோசிச்சுக்கோங்க. மணி வச்சாச்சுன்னா, காயம் உள்ளுக்குள்ள ஆறுற வரைக்கும் நீங்க அவர் இருக்கிற அறைக்குள்ள போகவே கூடாது. கையுறை போட்டாலும் கூடாது. இப்ப உள்ள கிருமிங்க கையுறை மேலயே குடித்தனம் நடத்துது. காய்ச்சின பிறகு மாத்தவும் முடியாது."

"அவ எதுக்கு உள்ள போகணும்?" என்றார் ஆவுடையப்பன். "கூடப்பிறந்தவன் நான் எதுக்கு இருக்கேன்? நீ வெளிய இருந்து வாய்க்கு ருசியா சமைச்சுப் போடும்மா, அது போதும். தம்பிய நான் பாத்துக்கிடுதேன்."

அவர் கைத்தட்டில் கையை வைத்தார். தட்டு பச்சையாக ஒளிர்ந்து அணைந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்த குடும்பத்துப் பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரிந்த அண்ணன் தம்பி சேர்ந்ததைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு நிறையாது? உலகம்மைக்கும் நிறைந்துதான் இருந்தது. எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். கடைசியில் அவளுக்கு அண்டாவின் அடியில் காந்திப்போய் ஒட்டியிருந்தது மிஞ்சியது. அது அவளுக்குப் பிடிக்கவும் செய்யும்.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நயினாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிதான் கிருமிகளுக்குத் தாய்வீடு என்பதால் யாரையும் அங்கே தங்க விடுவதில்லை. நோயாளியைத் தூக்கித் துடைக்கிற தாதிப்பொறிகளையும் வீட்டுக்குத் தருவதில்லை. ஊரெல்லாம் சுற்றி வருகிற பொறியின் மூட்டுகளில் எவன் வீட்டுக் கிருமி ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

முன்னறையை நயினாருக்கு ஒதுக்கினார்கள். அறைச் சுவரில் ஓர் ஆவிப்பெட்டி. உலகம்மை சாப்பாட்டை இந்தப் பக்கம் வைத்துக் கதவை மூடினால், உள்ளே சுடுநீராவி பாய்ந்து தட்டின் வெளிப்புறம், கரண்டி, துணி எல்லாவற்றையும் வேகவைத்துவிடும். அந்தப் பக்கம் இருக்கிறவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உலகம்மை உட்கார்ந்துகொண்டாள். முப்பது வருஷத்தில் அவர்கள் இத்தனை தூரத்தில் இருந்து பேசிக்கொண்டதே இல்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கதிரேசன் லீவு போட்டிருந்தான். அவன்தான் அப்பாவைப் புரட்டிப்போட்டான், துடைத்தான், சட்டி வைத்து எடுத்தான். ஆவுடையப்பன் தினமும் வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பழைய கதைகள் பேசினார். "ஏலே கதிரேசா, அப்பாவுக்கு முதுகுல வேர்க்குது பாரு, தொடச்சு விடு" என்று அக்கறையாகச் சொன்னார். தான் எழுந்திருக்கவில்லை. மூத்தவர் இருக்க வேண்டிய இடம் நாற்காலிதான் என்பதில் அவருக்கோ மற்றவர்களுக்கோ சந்தேகமே எழவில்லை. சங்கத் தலைவர் ஒருநாள் வந்தார். கதவருகே நின்று நயினாரோடு படம் எடுத்துக்கொண்டு போனார். நண்பர் பழம் கொண்டுவந்தார். செண்பகம் வந்து அண்ணனின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும் என்று கிளம்பினாள். அவள் புருஷன் மட்டும் இரண்டு மூன்று தடவை கதிரேசனோடு சேர்ந்து ஒரு கை பிடித்தார்.

கதிரேசனுக்கு லீவு முடிந்தது. சென்னையில் கடற்சுவர் வேலை. மழைக்காலத்துக்குள் சுவரை ஏற்றாவிட்டால் பாதி நகரம் மூழ்கும். அவனுக்குக் கிளம்ப மனசே இல்லை.

"போயிட்டு வால. நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றார் ஆவுடையப்பன். "ஏழு பேரு இருக்கோம்."

அந்த ஏழு பேர்தான் வினையாக முடிந்தது. ஒரே ஓர் ஆள் என்றால் அந்த ஆள் வந்துதான் தீர வேண்டும். ஏழு பேர் இருந்ததால், இன்னொருவர் இருப்பார் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆவுடையப்பனுக்குத் தெருக்கோயில் கொடைவிழா வந்தது. அவர்தான் வரி பிரிப்பது முதல் வில்லுப்பாட்டுக்காரரைக் கூப்பிடுவது வரை முன்னின்று நடத்துகிறவர். அவர் இல்லாமல் அங்கே ஒரு பந்தல்கால் நடமுடியாது. உலகம்மை அழைத்தபோதெல்லாம் பின்னால் மேளச்சத்தம் கேட்டது.

"இந்தா கிளம்பிட்டேம்மா. வந்துக்கிட்டே இருக்கேன்."

செண்பகத்தின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அவளும் புருஷனும் நகர முடியவில்லை. உலகம்மையின் அண்ணன் வெளியூரில் இருந்தான். நண்பர், "ஐயோ, யாருமே இல்லையா? ஆவுடையண்ணாச்சி இருக்காவன்னுல்லா நான் நெனச்சேன்" என்றார். தலைவரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரியை அழைத்தாள். கை வைத்த ஏழு பேரில் யாரையாவது கூப்பிடச் சொன்னார்கள்.

ஆவிப்பெட்டியில் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியது. நீளமான கம்பு ஒன்றை வேகவைத்து, அதன் நுனியில் தண்ணீர்க் குழாயைக் கட்டி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து நீட்டினாள். அவர் தலையைத் தூக்கி உறிஞ்சினார். அதற்காவது வழி பிறந்தது. மற்றதற்கு என்ன செய்வது? வேட்டி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. கம்பால் அதை மாற்ற முடியாது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிற மனுஷன்.

"ஏளா, நீ அந்தப் பக்கம் போயேன்" என்றார். "இங்க உக்காந்து பாக்காத."

"நான் எங்க போக?" என்றாள் உலகம்மை.

"அண்ணாச்சி வந்துருவாவ. சொன்னா சொன்னதுதான் அவாளுக்கு."

மறுநாள் மத்தியானம் அவர் தானாகவே எழுந்திருக்கப் பார்த்தார். அவளுக்குச் சோறு பொங்குகிற வேலை இருந்ததால் முக்காலியில் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், கட்டில் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்குகிறது. புது மூட்டு இருக்கிற பக்கம் தரையை நோக்கிச் சரிகிறது. விழுந்தால் மூட்டு பிய்த்துக்கொண்டு வரும்.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு கையாலும் அவரை அள்ளித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். அவர் உடம்பு நெருப்பாகச் சுடவில்லை. அப்போது காய்ச்சல் எதுவும் இல்லை. வேர்வையும் மூத்திர நாற்றமும்தான். என்ன நடந்துவிட்டது என்று இருவருக்குமே தெரியும். தெரிந்தபிறகு வெளியே ஓடுவதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. வெந்நீர் கொண்டுவந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை துடைத்தாள். வேட்டி மாற்றினாள். தலையணை உறை மாற்றினாள். சிக்குப்பிடித்த தலையைச் சீவிவிட்டாள். காயத்தின் கட்டுப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகவில்லை, அவர் கட்டிலிலிருந்து தொங்கினபோதே அந்தக் கட்டு அவிழ்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவர் அவளுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒன் கை பட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார். "நான் அன்னைக்கு ஒன்னிய அப்பிடிப் பாத்திருக்கக் கூடாது, ஏளா."

"சும்மா கெடங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

அவள் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். சாயங்காலம் வரைக்கும் அறையிலேயே இருந்தாள். அந்த ஒரு பொழுதைத் திருப்பித் தருகிறோம், தொடாமல் இருந்துகொள் என்று யாராவது அப்புறம் சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காய்ச்சல் இரண்டாம் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் காயத்தைத் திறந்து கழுவினார்கள். உள்ளே மணிகள் இருந்தன, மருந்தும் அவற்றுக்குள் இருந்தது. ஆனால் வந்திருந்த கிருமி எந்த மணிக்கும் தெரியாத கிருமி. அது மணிகளுக்கு நடுவிலேயே தாராளமாகப் பெருகிக் கிடந்தது. புதிதாகக் காய்ச்சுவதற்கு உலகம்மையின் கையைத் தட்டில் வைத்துப் படி எடுத்தார்கள். காய்ச்சி முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். நயினாருக்கு ஒரு வாரம் இல்லை, அதற்குள் உயிர் போய்விட்டது.

கிருமி யாருடைய கையிலிருந்து வந்தது என்று டாக்டர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி நடையில் கூடியிருந்த உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. இப்போது ஏழு பேரும் வந்திருந்தார்கள். கதிரேசன் சென்னையிலிருந்து வந்து, சுவரோடு சாய்ந்து நின்றான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே, மைனி" என்று செண்பகம் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஏன் மைனி தொட்டிய?"

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே" என்றார் நண்பர்.

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே என் தம்பிய! நாங்க ஏழு பேரு பாத்துப் பாத்துக் காப்பாத்தினத, ஒரு நாள்ல கெடுத்துட்டியேம்மா!"

அவர் சொல்வதில் பொய் எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்க உலகம்மையால் முடியவில்லை. தொட்டது நிஜம். நயினார் செத்தது நிஜம். கொன்றது இந்தக் கைதான் என்று அவளே நம்பிவிட்டாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

பெனிட்டா ஒரு தட்டோடும் சுண்ணாம்புத் தண்ணீர்ச் சட்டியோடும் வந்தாள். உடம்பை வெளியே கொடுக்குமுன் மிச்சம் இருக்கிற மணிகளை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆற்றிலும் மண்ணிலும் மருந்து கலந்தால் கிருமிகள் அதையும் பழகிக்கொள்ளும். எடுத்ததைக் குடும்பத்தாரே சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே திருடி விற்றுவிடுகிறது என்று புகார் வருகிறது. கரைமணி வந்தபிறகு இப்படிச் சாகிறவர்கள் மிகவும் குறைவு என்பதால் அங்கே இருந்த யாரும் இதைப் பார்த்ததில்லை.

தட்டில் எட்டுக் குழிகள். வெள்ளைக் குழி காலி. கதிரேசனின் நீலக் குழியும் சுத்தமாகக் காலி. செண்பகத்தின் புருஷனுடையது பாதி இருந்தது. மற்ற ஐந்து குழிகளிலும் மணிகள் வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தன.

"யாராவது ஒருத்தர் இந்த இடுக்கியால எடுத்துப் போடணும்" என்றாள் பெனிட்டா.

"அண்ணாச்சி இருக்கும்போது வேற யாரு?" என்றார் தலைவர். "பெரியவுக நீங்கதான் மொதல்ல போடணும்." எல்லோரும் ஒதுங்கி ஆவுடையப்பனுக்கு வழி விட்டார்கள்.

அவர் இடுக்கியைக் கவனிக்கவில்லை. வாய்க்கரிசி போட்டுப் பழகிய கை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்த அதே ஈரக்கையால் கைக்கு எட்டிய குழியிலிருந்து அள்ளினார். பச்சை மணிகள்.

அள்ளிய கையிலேயே அவை கரையத் தொடங்கின. ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒரே நேரத்தில். பச்சைத் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி, முழங்கை வழியாக ஓடித் தரையில் சொட்டியது. அவர் பதறிப்போய் அடுத்த குழியில் கையை வைத்தார். அங்கே சிவப்பு மணிகள் அசையாமல் கிடந்தன.

"என்னம்மா இது? இது மட்டும் ஏன் இப்பிடிக் கரையுது?"

பெனிட்டாவால் சொல்லாமல் விட முடியவில்லை.

"அது உங்க மணி ஐயா. உங்க கை பட்டாத்தான் கரையும்."

நடையில் அழுகை நின்றுவிட்டது. ஆவுடையப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கு விளங்கியது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. "நான்... நாளைக்கு வருவோம், நாளைக்கு வருவோம்னுதான்..." என்றார். கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அது சொட்டிக்கொண்டே இருந்தது. கதிரேசன் பெரியப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மிச்சத்த வேற யாராவது போடுங்க" என்றாள் பெனிட்டா.

தலைவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். செண்பகம் ஒரு அடி பின்னால் போனாள். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பினார். உலகம்மையின் அண்ணன் தரையைப் பார்த்தான். இடுக்கி தட்டின் ஓரத்திலேயே கிடந்தது. அதைத் தொடுவதற்குக்கூட அந்த ஏழு பேரில் ஆள் இல்லை.

"உலகு" என்றார் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நீயே போட்டுரும்மா. நீதான வீட்டு ஆளு."

உலகம்மை முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். ஆவுடையப்பனுக்கு முதலில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். "தொடச்சுக்கிடுங்க, பெரியத்தான்" என்றாள். பிறகு தட்டுக்கு முன்னால் போய் நின்று, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, தவிட்டு நிறம் என்று எல்லாவற்றையும் இரண்டு உள்ளங்கையிலும் வாரிக்கொண்டாள். அழுது அழுது அவள் கையும் ஈரமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு மணியாவது இளகாதா என்று அவளுக்கு இருந்தது.

ஒன்றுகூடக் கரையவில்லை. அவற்றை அப்படியே சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுவிட்டு அவள் கையை உதறினாள்.